புது மாண்டலின் எப்போது வாங்கலாம்?

"சார், நைனா உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு. புது மாண்டலின் வாங்கலாமா, வேணாமா?"

கலைத் திருவிழா அறிவிப்பு வந்திருந்த வாரம் அது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய இடைவேளையில் ஆய்வக வாசலில் நின்று கேட்டாள். 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாவால் எங்கள் பள்ளியில் ஒரு நன்மை உண்டு. வீட்டுப் பரணில் தூங்கிக்கொண்டிருந்த கருவிகள் எல்லாம் கீழே இறங்கின. இவள் வைத்திருந்தது தாத்தாவின் மாண்டலின். அவர் எங்கள் பக்கத்துப் பஜனைக் குழு ஒன்றில் வாசித்தவர். டிசம்பர் 31 அன்று திருத்தணி மலையின் 365 படிகளுக்கும் பூசை செய்து பாடிக்கொண்டு ஏறும் திருப்படித் திருவிழாவில் அந்த மாண்டலினும் ஏறியிருக்கிறது.

அப்பா கரும்பு விவசாயி. எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவர். அந்த ஆண்டுக் கரும்புப் பணத்தில் 15,000 ரூபாய் எடுத்து வைக்கத் தயாராக இருந்தார். ஒரு விவசாயக் குடும்பத்தில் 15,000 ரூபாய் என்றால் அது அடுத்த நடவுக்கான உரம், அக்காவின் கல்லூரிக் கட்டணம், ஒரு மருத்துவச் செலவு. "வாங்குங்கள்" என்று நான் சொல்லிவிட்டு, ஆறு மாதத்தில் பிள்ளை கருவியை மூலையில் வைத்துவிட்டால் என்ன செய்வது? "வேண்டாம், முதலில் இதில் நன்றாக வாசி" என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதே வார்த்தையை ஏழாண்டுகளுக்கு முன் இன்னொரு பையனிடம் சொல்லியிருந்தேன்.

நான் இசையாசிரியர் அல்லன். அறிவியல் பட்டதாரி ஆசிரியர். கல்லூரி நாட்களில் மூன்று ஆண்டுகள் மாண்டலின் கற்றேன். ஒரு வர்ணம் வரை போய் நின்றுவிட்டேன். அந்த அரைகுறை அறிவை வைத்துக்கொண்டுதான் பள்ளி முடிந்ததும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

'ரி கூடுது' என்ற பையன்

அந்தப் பையன் அப்போது ஏழாம் வகுப்பு. அவன் அப்பா கடையில் 4,000 ரூபாய் கொடுத்து ஒரு மாண்டலின் வாங்கி வந்தார். செம்பழுப்பு நிறத்தில் கண்ணாடிபோலப் பளபளக்கும் கருவி. தினமும் அதைத் துணியால் துடைத்துத்தான் பைக்குள் வைப்பான்.

சரளி வரிசையை மாயாமாளவகௌளையில்தானே தொடங்குகிறோம். ஸ சரியாக இருக்கும். அடுத்து ரி வாசித்தால் சுருதிக்கு மேலே போய் நிற்கும். "ரி கூடுது, விரலைச் சரியா வை" என்பேன். வைப்பான். மறுபடியும் கூடும். மேலே போனால் ப சரியாக இருக்கும், த கூடும். இப்படி நாலைந்து மாதங்கள். ஒருநாள் அவன், "எனக்குக் காது இல்ல போல சார்" என்றான். "அப்படியெல்லாம் இல்லடா, பழகப் பழக வரும்" என்றேன். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. அவன் அப்பா கருவியைக் கொண்டுவந்து, "ஸ்கூல்லயே இருக்கட்டும் சார்" என்று வைத்துவிட்டுப் போனார். அது ஆய்வக அலமாரியின் மேல் ஏறியது.

மூன்றாண்டுகள் கழித்து எட்டாம் வகுப்புக்கு ஒலியியல் நடத்தும்போது அதைக் கீழே இறக்கினேன். அதிர்வெண்ணைக் கண்ணால் காட்டுவதற்கு அலைபேசியில் ஒரு சுருதி பார்க்கும் செயலி இருந்தது. கம்பியை 440 ஹெர்ட்ஸ் வருமாறு கூட்டினேன். ஒவ்வொரு மெட்டுக்கும் அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்கு உயரும் என்று கரும்பலகையில் எழுதி, முதல் மெட்டில் என்ன வர வேண்டும் என்று கேட்டேன். பெருக்கிப் பார்த்து 466 என்றார்கள். அழுத்தி மீட்டினேன். செயலி 475 காட்டியது. ஐந்தாம் மெட்டில் 587 வர வேண்டும், 590 வந்தது. பன்னிரண்டில் கிட்டத்தட்டச் சரி. பிள்ளைகள் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல்: "சார், கணக்கு தப்பில்ல. மாண்டலின்தான் தப்பு."

எனக்கு அன்று அதற்கு மேல் பாடம் ஓடவில்லை.

முதல் மெட்டில் இருக்கும் இரண்டு சுரங்கள்

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் எந்த ஆசிரியரும், இசை தெரியாதவர்கூட, ஒரு மாண்டலினைச் சோதித்துவிடலாம்.

மாண்டலினில் பொதுவாக எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு சோடிகள். வயலினைப் போலவே ஒவ்வொரு சோடிக்கும் அடுத்ததற்கும் ஐந்து சுர இடைவெளி. ஒன்றை ஸ என்று வைத்தால் அடுத்தது ப. மாயாமாளவகௌளையில் ஸ திறந்த கம்பி. ரி முதல் மெட்டு. க நான்காம் மெட்டு. ம ஐந்தாம் மெட்டு. அடுத்த சோடியில் ப திறந்த கம்பி. த முதல் மெட்டு. நி நான்காம் மெட்டு. மேல் ஸ ஐந்தாம் மெட்டு. அதாவது 0, 1, 4, 5 என்ற ஒரே வடிவம் இரண்டு முறை. கணித ஆசிரியர்கள் இதை அமைப்புகள் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் விரலால் செய்து பார்க்கிற அமைப்பு இது.

இப்போது அந்தப் பையனைப் பாருங்கள். அவனுக்குப் பிசகியவை ரியும் தவும். இரண்டும் முதல் மெட்டு! நாலைந்து மாதம் அவன் எனக்குத் துல்லியமான ஆய்வு முடிவைத் தினமும் தந்துகொண்டிருந்தான். அறிவியல் ஆசிரியனான நான் அதைப் படிக்கவில்லை.

கழுத்தின் தலைப்பில், முறுக்காணிகளிலிருந்து வரும் கம்பிகள் முதலில் உட்காருவது காடி வெட்டிய ஒரு சிறு துண்டின் மேல். எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கும். மலிவான கருவிகளில் அந்தக் காடியை ஆழமாக வெட்டாமல் விட்டுவிடுவார்கள். அப்போது கம்பி உயரமாக நிற்கும். முதல் மெட்டில் அழுத்தும்போது கம்பியை வெகுதூரம் கீழே தள்ள வேண்டியிருக்கும். தள்ளத் தள்ளக் கம்பி இழுபடும். இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும். மேல் மெட்டுகளுக்குப் போகப் போக இந்தக் கோளாறு குறையும். அதனால்தான் முதல் மெட்டில் 9 ஹெர்ட்ஸ் பிழை, பன்னிரண்டில் ஏதுமில்லை.

சோதிப்பது எளிது. இரண்டாம் மெட்டுக்கும் மூன்றாம் மெட்டுக்கும் நடுவே கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் மெட்டின் மேல் பாருங்கள். கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் காடி உயரம். சென்னையில் வீணையும் கிதாரும் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டு போனேன். சிறு அரத்தால் எட்டுக் காடிகளையும் தேய்த்துக் கொடுக்க அவருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பையனின் ரி சரியாகிவிட்டது.

அவனை அதன் பிறகு ஒருமுறை திருவாலங்காடு ரயில் நிலைய நடைமேடையில் பார்த்தேன். ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "அப்போ எனக்குக் காது இருந்துச்சா சார்?" என்று கேட்டான். அதற்குள் மின்சார ரயில் வந்துவிட்டது.

தாத்தாவின் கருவியைச் சோதித்தோம்

ஆகவே இந்த மாணவி வந்து கேட்டபோது, பதில் சொல்வதற்கு முன் கருவியைக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த நாள் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் மேசையைச் சுற்றி நின்றது. அளவு நாடா, அலைபேசிச் செயலி, ஒரு நோட்டு. ஒரு பாடவேளைக்குள் முடிந்த ஆய்வு இது. உங்கள் பள்ளியில் மாண்டலின் இல்லாவிட்டாலும் கிதாரிலும் அப்படியே செய்யலாம்.

முதலில் கழுத்து. தச்சர் பலகையின் நேர் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைப்பிலிருந்து பார்த்தோம். வளைவு இல்லை. கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் அத்தோடு ஆய்வை முடித்துக்கொள்ளலாம். அதைச் சரிசெய்யும் செலவில் வேறு கருவி வாங்கிவிடலாம்.

அடுத்து மெட்டுகள் சரியான இடத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பது. காடியிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை 17.6 செ.மீ. அது கம்பி நீளத்தில் பாதி. ஆக முழு நீளம் 35.2 செ.மீ. ஏழாம் மெட்டு மூன்றில் ஒரு பங்கில் வர வேண்டும், ஐந்தாம் மெட்டு நான்கில் ஒரு பங்கில். 11.7, 8.8 என்று அளந்து சொன்னார்கள். பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற எளிய பின்னங்களில் மேல் ஸட்ஜமும் பஞ்சமமும் மத்திமமும் இருக்கின்றன என்பதைப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். (நுணுக்கமாகக் கணக்கிட்டால் ஏழிலும் ஐந்திலும் இம்மியளவு வேறுபாடு உண்டு. நாடாவில் அது தெரியாது.) மெட்டுகள் இடம் மாறிப் பதிந்திருந்தால் எந்தப் பழுதுபார்ப்பும் உதவாது. ஆனால் தாத்தாவின் கருவியில் அந்தக் குறை இல்லை.

பிறகு குதிரை. மாண்டலினில் குதிரை ஒட்டப்பட்டிருக்காது. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். எட்டுக் கம்பிகளின் மொத்த இழுவிசை ஒரு பெரிய ஆளின் எடை அளவுக்கு இருக்கும் என்றாலும், யாராவது எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் குதிரை கீழே விழுந்துவிடும். திரும்ப வைக்கும்போது இடம் தவறும். இதற்கும் ஒரு சோதனை உண்டு. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டபடி மீட்டி, உடனே விரலை எடுத்தால் மணியொலி போன்ற ஒரு நாதம் வரும். பிறகு அதே மெட்டை அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் குதிரை சரி. அழுத்திய ஒலி கூடினால் குதிரையைக் கழுத்திலிருந்து சற்றுத் தள்ள வேண்டும். குறைந்தால் கழுத்தை நோக்கி. இவள் கருவியில் குதிரை சாய்ந்து நின்றது. தடித்த கம்பிகளில் ஒரு பிழை, மெல்லிய கம்பிகளில் நேர்மாறான பிழை. "போன ஆடி மாசம் தொடச்சேன் சார்" என்று ஒப்புக்கொண்டாள்.

கம்பிகள் கறுத்துத் துருவேறியிருந்தன. தாத்தா போட்டவையாகத்தான் இருக்க வேண்டும். துருப்பிடித்த கம்பி நீளம் முழுக்க ஒரே தடிமனாக இருக்காது. அதனால் சுருதி நிற்காது, நாதமும் மழுங்கும். 400 ரூபாய்க்குள் ஒரு செட் வாங்கி, ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாற்றினோம். குதிரையை நிமிர்த்தினோம். அவள் ஜண்டை வரிசை வாசித்தாள். வேறு கருவியோ என்று நானே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

அவள் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பிய பதில்: இப்போது வேண்டாம். அவளுக்கு முகம் வாடித்தான் போனது. போட்டிக்குப் புதுசோடு போக ஆசைப்பட்டிருந்தாள். வட்டார அளவில் பரிசும் வரவில்லை. அன்று மாலை நான் சொன்னது சரிதானா என்று எனக்கே ஐயம் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பாலகொல்லுச் சிறுவன்

எங்கள் பகுதி 1960 வரை ஆந்திரத்தில் இருந்தது. வகுப்பில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். அதனால் மாண்டலின் என்றதும் நான் இவர்களுக்குச் சொல்லும் கதை யு. ஸ்ரீநிவாஸின் கதை. 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்தவர். சிறு வயதில் அவர் கையிலெடுத்தது அப்பா வைத்திருந்த மாண்டலின். அவருக்குப் பாடம் சொன்ன ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் வாயால் பாடுவார். பையன் கருவியில் எடுப்பான். 1978இல் குடிவாடாவில் தியாகராஜ உற்சவத்தில் முதல் கச்சேரி. 1981இல் சென்னை இசை விழாவில் வாசித்தபோது வயது பன்னிரண்டு. 1998இல் பத்மஸ்ரீ. 2014 செப்டம்பரில், 45 வயதிலேயே மறைந்தார்.

நம் கேள்விக்கு இந்தக் கதையில் பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது. அவர் கருவியை மாற்றினார். ஏன் மாற்றினார் என்பதைக் கவனிக்க வேண்டும். வீணையில் கம்பியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் வருகிறது. மாண்டலினில் கம்பிகள் சோடி சோடியாக இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபடாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், சுருதி உடையும். இத்தாலியிலிருந்து வந்த கருவிக்குக் கமகம் தேவைப்படவில்லை, ஆகவே சோடிக் கம்பி அதற்குக் குறையும் அல்ல. கர்நாடக இசைக்குத்தான் அது தடை. ஸ்ரீநிவாஸ் சோடிகளை விட்டு ஒற்றைக் கம்பிகளுக்கு வந்தார். ஒற்றைக் கம்பியில் ஒலி குறையும் என்பதால் மின்சார மாண்டலின். கீழ் ஸ்தாயிக்குப் போக ஐந்தாவதாக ஒரு கம்பி.

குருவின் குரலில் கேட்ட ஒன்று கையில் வரவில்லை. வராததற்குக் காரணம் கை அன்று, கருவிதான் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தக் காரணத்துக்கு ஏற்ப மாற்றினார். விலை உயர்ந்தது என்பதற்காகவோ பார்க்க அழகு என்பதற்காகவோ அவர் எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமும் அன்று. ரத்தின சபை இருக்கிற ஊர். காரைக்காலம்மையார் இங்கே பாடிய மூத்த திருப்பதிகத்தில் பழந்தமிழ்ச் சுரப் பெயர்களையும் வீணை, மத்தளம், குடமுழா என்று ஒரு கருவி வரிசையையே தந்திருக்கிறார். ஒரே ஆட்டத்துக்கு எத்தனை கருவிகள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்ததால்தானே அத்தனை.

இரண்டாம் முறை வந்தாள்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த விடுமுறையில் அவள் மறுபடி வந்தாள். இதற்கிடையே அரக்கோணத்தில் ஒரு வயலின் ஆசிரியரிடம் ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தாள். அவருக்கும் மாண்டலின் தெரியாது. வயலினில் வாசிப்பார், இவள் மாண்டலினில் எடுப்பாள். கருவி மாற்றுவது பற்றி அவரும், "உங்க ஸ்கூல் சாரையே கேளும்மா" என்று சொல்லிவிட்டாராம்.

இந்த முறை அவள், "புதுசு வாங்கலாமா?" என்று தொடங்கவில்லை. மோகனத்தில் 'நின்னுக்கோரி' வர்ணம் வாசித்துக் காட்டினாள். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க பாருங்க சார். இந்தக் கா-வை அவர் வயலின்ல அசைக்கிறாரு. நான் இழுத்தா ரெண்டு கம்பியும் சண்டை போடுது. மேல ஜாரு போறதுக்குள்ள சத்தமே செத்துடுது" என்றாள்.

ஒன்பதாம் வகுப்பில் அவளிடம் இருந்தது ஒரு விருப்பம். இப்போது அவள் கையில் இருப்பது ஒரு குறிப்பிட்ட குறை. எந்த இடம், எந்தச் சுரம், என்ன வர வேண்டும், என்ன வருகிறது என்று அவளால் சொல்ல முடிகிறது. இந்த வேறுபாட்டைத்தான் நான் இப்போது தேடுகிறேன். இத்தனை மாதம் பழகினால் மாற்றலாம், இந்தப் பாடம் முடித்தால் மாற்றலாம் என்று சிலர் கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த ஏழாம் வகுப்புப் பையனுக்கு முதல் வாரத்திலேயே மாற்றமோ பழுதுபார்ப்போ தேவைப்பட்டது. இவளுக்கு இருபது மாதம் தேவைப்படவில்லை.

சொன்னதை அப்படியே ஏற்காமல் இரண்டு சோதனைகள் செய்தோம். ஒன்று, கருவியை மாற்றிக்கொள்வது. அவள் கருவியில் அதே இடத்தை நான் வாசித்தேன். எனக்கும் ஒலி செத்தது. என் கருவியை அவள் வாசித்தாள். கொஞ்சம் நீண்டு நின்றது. கை மாறினாலும் குறை கருவியோடேயே இருந்தால் குறை கருவியுடையது. கருவி மாறினாலும் கையோடேயே வந்தால் அது கையுடையது. கட்டுப்படுத்தப்பட்ட சோதனை என்று பாடநூலில் சொல்லிக்கொடுக்கிறோமே, அதுதான்.

மற்றொன்று காசு செலவில்லாதது. அவள் மாண்டலினில் ஒவ்வொரு சோடியிலும் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, நான்கு ஒற்றைக் கம்பிகளோடு இரண்டு வாரம் வாசிக்கச் சொன்னேன். கழற்றியதைத் திரும்பவும் மாட்டிக்கொள்ளலாம், நட்டமில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தபோது கா அசைந்தது! ஆனால் ஒலி, பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்குக் குறைந்துபோயிருந்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்பதற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. இன்னும் பளபளப்பான எட்டுக்கம்பி மாண்டலின் வாங்கியிருந்தால் 15,000 ரூபாயும் வீணாகியிருக்கும். அவளுக்குத் தேவை ஐந்து ஒற்றைக் கம்பி கொண்ட மின்சார மாண்டலின்.

அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். "ரெண்டு வருசம் முன்ன வேணாம்னீங்க, இப்ப வாங்கச் சொல்றீங்க" என்று சிரித்தார். கம்பி கழற்றிய மாண்டலினில் ஒருமுறை, என் கருவியில் ஒருமுறை என்று மகளையே வாசித்துக் காட்டச் சொன்னேன். இசை தெரியாதவர்தான். ஆனாலும் "தெரியுது சார்" என்றார். பெற்றோருக்கு நாம் விளக்கிச் சொல்வதைவிட இது நல்லது.

புதிதாக வாங்கவில்லை. சென்னையில் ஒருவர் தம் பழைய மின்சார மாண்டலினை 11,000 ரூபாய்க்குத் தரத் தயாராக இருந்தார். மூவரும் போனோம். அவள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, காடியிலிருந்து பன்னிரண்டு, ஏழு, ஐந்து என்று அளக்கத் தொடங்கியதும் அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு முதல் மெட்டை அழுத்தி செயலியைப் பார்த்தாள். பிறகு பன்னிரண்டில் மணியொலி. ஒரு மெட்டில் கம்பி அதிர்ந்து கரகரத்தது, தேய்மானம். அதைச் சொல்லி அப்பா 500 ரூபாய் குறைத்துக்கொண்டார். ஒலிபெருக்கிக்குத் தனியாகச் செலவு செய்யவில்லை. பள்ளியில் இருக்கும் சிறு ஒலிபெருக்கி போதும்.

தொடக்கத்திலேயே மின்சார மாண்டலின் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கையின் அழுத்தத்தால் ஒலியை எழுப்பிப் பழக வேண்டிய காலத்தில் ஒலிபெருக்கி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது, மீட்டல் மெலிந்துவிடுகிறது. இதை மறுக்கிற இசையாசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மாணவர்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். நான் என் இரண்டு மூன்று பேரைப் பார்த்துச் சொல்கிறேன்.

இந்த ஆய்வு முறையை எங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் சொன்னேன். இறகுப்பந்து மட்டைக்கும் இதைச் செய்து பார்ப்பதாகச் சொன்னார். "சார், இந்த மட்டையில அடிக்க வரல" என்கிற பிள்ளைகளின் மட்டையை வாங்கி அவரே நாலு அடி அடித்துப் பார்க்கிறாராம். பாதி நேரம் நரம்பு தளர்ந்திருக்கிறது என்கிறார். ஓவிய ஆசிரியர் தூரிகைக்குச் சொல்லவும் ஏதோ வைத்திருக்கிறார். அதை அவரே எழுதட்டும்.

தாத்தாவின் மாண்டலினை வீட்டில் சும்மா வைத்திருக்க வேண்டாம் என்று அந்த மாணவியே பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கழற்றிய நான்கு கம்பிகளையும் காகிதத்தில் சுருட்டி, எது எந்தச் சோடி என்று எழுதியிருந்தாள். அந்தப் பையனின் பளபளப்பான மாண்டலினும் காடி தேய்த்துச் சரியாக இருக்கிறது. ஆக அலமாரியில் இரண்டு. இந்த ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் இருவர் கேட்டிருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் இரண்டிலும் ரியையும் தவையும் செயலியில் பார்த்துவிட்டேன். கம்பி ஒரு செட் வாங்கிவிட்டேன். இன்னொரு செட் வருகிற சனிக்கிழமை சென்னை போகும்போது வாங்க வேண்டும்.